போனை முதலில் வைக்காதவள்

எனக்குப் பொறாமை உண்டு. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். அதுவும் யார் மேல்? லோன் வேணுமா, கிரெடிட் கார்டு வேணுமா, மதுரைப் பக்கம் பிளாட் வேணுமா என்று நாள் தவறாமல் எங்கள் வீட்டுக்குப் போன் போடுகிற, முகம் தெரியாத ஆட்கள் மேல்.

பரளச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில், எங்கள் தெருவில், வளைகுடாவுக்கு ஆள் போகாத வீடு குறைவு. நானும் பத்தொன்பது வருடம் அங்கே ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, போன வருடம்தான் ஒரேயடியாக ஊர் திரும்பினேன். எங்கள் தெருப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வருகிற போனை அவர்கள் முதலில் வைக்க மாட்டார்கள். அங்கே பேசுகிறவன் வைக்க வேண்டும், இல்லை லைன் தானாக அறுந்துபோக வேண்டும். இங்கிருந்து வைத்தால் வாசலில் நிற்கிற ஆளின் முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி என்பார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நான் பேசுவேன். போன் கார்டில் காசு தீர்ந்து லைன் போன பிறகும் என் மனைவி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு நான் எத்தனையோ நாள் பூரித்துப்போயிருக்கிறேன்.

ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அவள் யாருடைய போனையும் முதலில் வைப்பதில்லை என்று.

காலை பதினோரு மணி வாக்கில் போன் அடிக்கும். வீட்டுக்குள் டவர் சரியாகக் கிடைக்காது. எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவாள். "சொல்லும்மா. லோனா? எங்களுக்கு எதுக்கும்மா லோனு? அது கெடக்கட்டும், நீ சாப்டியா? இன்னும் இல்லையா? வயித்தக் காயப் போடாதம்மா." இப்படிப் போகும் பேச்சு. அங்கே மழை பெய்கிறதா, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, மாப்பிள்ளை பார்க்கிறார்களா என்று இருபது நிமிடம் ஓடும். எனக்கு வயிறு எரியும். ஏனென்றால் அந்தக் குரல் எனக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் எனக்கு மட்டும் என்று நான் நினைத்திருந்த குரல் அது. இப்போது நேரில் உட்கார்ந்திருக்கிற எனக்குக் கிடைப்பதெல்லாம் "கரண்டு போயிருச்சு", "சோறு வைக்கவா" அவ்வளவுதான்.

"வேணாம்னு சொல்லி டக்குனு வையி. அவங்களுக்கு நாம ஒரு ஆளா?" என்று சொல்லிப் பார்த்தேன்.

"பேசிக்கிட்டு இருக்கைல எப்படிங்க வைக்கிறது? அதுவும் பொட்டப்புள்ள."

அவளுக்குத் தெரியாமல் நம்பர்களை பிளாக் செய்தேன். ஒன்றை அடைத்தால் வேறு ஒன்றிலிருந்து வந்தார்கள். ஒரு நாள் நானே எடுத்து, "வீட்ல யாரும் இல்ல" என்று சொல்லி வைத்தேன். பின்னால் நின்றவள், "அப்ப நான் யாரு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

இவர்களில் ஒரு பெண் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தாள். மருத்துவ இன்சூரன்ஸ் விற்கிறவள். என் மனைவியை அக்கா என்பாள். மனைவியும் பதினோரு மணி ஆனால் போனைப் பார்க்க ஆரம்பித்தாள். என்னை விமான நிலையத்தில் எதிர்பார்த்தபோதுகூட இப்படிப் பார்த்திருப்பாளா என்று தோன்றியது. அந்தப் பெண்ணை நான் வெறுத்தேன்.

ஒரு நாள் மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். போன் சார்ஜில் கிடந்தது. அதே பெண். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று எடுத்தேன்.

"ஏம்மா, ஒரு தடவ வேணாம்னா விட மாட்டீங்களா?"

"சார், அக்காவோட ஹஸ்பண்டா? நல்லதாப் போச்சு சார். அக்காவுக்கு ஆறு வருஷமா சுகர் இருக்கறதால பிரீமியம் கொஞ்சம் கூட வரும். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். மாத்திரை காலைல ஒண்ணு, நைட் ஒண்ணுன்னு சொன்னாங்க. அதேதானா சார், இல்ல டாக்டர் மாத்திட்டாரா?"

எனக்கு எதுவுமே தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்ள மனம் வரவில்லை. "மாத்தல" என்றேன். அன்று போனை முதலில் வைத்தது அந்தப் பெண்தான்.

அடுப்படியில் தேடினேன். புளிச்சட்டிக்குப் பின்னால், நான் எப்போதோ கொண்டுவந்த பேரீச்சம்பழ டப்பாவுக்குள் மாத்திரை அட்டைகள் இருந்தன. அவள் டீயில் சீனி போடுவதில்லை என்பதை இந்த ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சிக்கனம் என்று நினைத்திருந்தேன்.

அரிசிப் பையோடு வந்தவளை உட்காரக்கூட விடவில்லை.

"ஒனக்குச் சுகர் இருக்கா?"

"யாரு சொன்னா?"

"ஒன் போன் தங்கச்சி."

அவள் பையை இறக்கி வைத்தாள்.

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

"நீங்க அங்க இருக்கைல சொல்லி என்ன செய்ய? தூக்கந்தான் கெடும்."

"வந்து ஒரு வருசமாச்சே."

"நீங்க கேக்கல. அந்தப் புள்ள ஒண்ணொண்ணாக் கேட்டுச்சு, சொன்னேன்."

"கேக்குறது அவ வேல. அதுக்குத்தான் சம்பளம் வாங்குறா."

"சம்பளத்துக்குக் கேட்டாலும் கேட்டுச்சுல்ல" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்க ஏணியிலருந்து விழுந்து ரெண்டு மாசம் ரூமுலயே கெடந்தீகளே, அப்ப எங்கிட்ட என்ன சொன்னீக?" என்று கேட்டாள்.

அதை நான் ஊரில் ஒருவருக்கும் சொன்னதில்லை. என்னோடு ரூமில் இருந்த காரியாபட்டிக்காரர் லீவில் வந்தபோது சொன்னாராம். எத்தனையோ வருடமாக மனதிலேயே வைத்திருந்திருக்கிறாள்.

"நல்லா இருக்கேன்னு சொன்னேன்."

"நானும் அதத்தான சொன்னேன்."

சண்டை போட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. அவளை உட்காரச் சொல்லிவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்பதற்குப் பழக்கம் வேண்டியிருக்கிறது. எந்த டாக்டர், எப்போது கண்டுபிடித்தார்கள், கூட யார் போனது என்று அந்த இன்சூரன்ஸ் பெண் மாதிரியேதான் ஆரம்பித்தேன். கூட யாரும் போகவில்லை என்றாள்.

"அன்னைக்கி அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல வந்து உக்காந்தேன். நம்மூரு பஸ்ஸு மூணு போயிருச்சு. ஏறல. வீட்டுக்கு வந்தா அது நெசமாயிரும்னு ஒரு பயம். நாலாவது பஸ்ஸுல ஏறி வந்தேன். வந்ததும் ஒங்க போன் வந்துச்சு."

"இத அந்தப் பொண்ணுட்டச் சொன்னியா?"

"இத அவ கேக்கலயே."

ஐம்பது வயது தாண்டியவன் வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவள் கண் கலங்கி என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எனக்கோ அப்படி ஒரு சந்தோஷம்.