தொண்ணூற்றெட்டு என்று நான் படித்த எண்

சின்னவனே, உனக்கு அப்போது மூன்று வயது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று "அப்பா" என்று என்னைக் கூப்பிட்டது நினைவிருக்காது. அக்காவுக்கு நினைவிருக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதி வைக்கிறேன்.

கொரோனா வந்து, ஆயர் ஈத்தாம் பிளாட்டில் ஓர் அறைக்குள் நான் தனியாக இருந்த ஏழாவது நாள். காய்ச்சல் விட்டிருந்தது. உடம்பு இலேசாகிவிட்டது. பட்டர்வொர்த்திலிருந்து ஆட்களை ஏற்றி வரும் பெர்ரிக் கப்பல் கரையை நெருங்கும்போது இஞ்சினை அடக்கிவிட்டுச் சும்மா மிதந்து வருமே, அப்படி. கட்டில் மிதந்தது. கீழே சாலையில் போன மோட்டார் சைக்கிள் சத்தம்கூடத் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. திரைச்சீலை மெல்ல உப்பி அடங்கியது. அதுவே எனக்கும் சேர்த்து மூச்சு விடுகிறது, நான் தனியாக விடத் தேவையில்லை என்று தோன்றியது. அத்தனை சுகம்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் ஒன்றை உன் அம்மா வாங்கிக் கொடுத்திருந்தாள். எண் தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். காலையும் மாலையும் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்புவேன். அன்று எழுந்து உட்கார மனமில்லை. படுத்தபடியே கையை நெஞ்சில் வைத்துப் பார்த்து, படத்தை அனுப்பினேன். தொண்ணூற்றெட்டு.

பாயான் பாரு தொழிற்சாலையில் நான் பார்க்கும் வேலை உனக்குத் தெரியும். பெல்ட்டில் வரும் எலக்ட்ரானிக் போர்டுகளை எண் பார்த்து அனுப்புவது. எங்கள் போர்டில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். புள்ளி மேலே இருந்தால் போர்டு நேராக இருக்கிறது என்று அர்த்தம். பதினெட்டு வருடப் பழக்கம். மீட்டரிலும் நாடித்துடிப்பைக் காட்ட ஒரு புள்ளி மினுங்கியது. அது மேலே தெரிந்தது, எண்ணும் நேராகத்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அதற்குமேல் கண் எதையும் பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் அக்கா போன் செய்தாள். அவள் அப்போது இடைநிலைப் பள்ளியில் பாரம் இரண்டு, பதினான்கு வயது.

"அப்பா, போட்டோவில எழுத்தெல்லாம் தலைகீழா இருக்கு. திருப்பிப் பார்த்தா எண்பத்தாறு."

எனக்குக் கோபம் வந்தது. "வேலையே நம்பர் படிக்கிறதுதான். எனக்குத் தெரியாதா? நல்லா இருக்கேன் லா."

அவள் வாதாடவில்லை. "சரி, ஒரே மூச்சில இருபது வரைக்கும் எண்ணுங்க."

ஆறு வரை வந்தேன். ஏழுக்குக் காற்று இல்லை. அது எனக்கு ஆச்சரியமாகக்கூட இல்லை. கதவுக்கு வெளியே அம்மா ஆம்புலன்சுக்குப் பேசுவது கேட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய நுரையீரலில், காலையில் கொடிமலையை மூடும் பனிபோல வெள்ளை படர்ந்திருந்தது. சிலருக்கு ஆக்சிஜன் இறங்குவதே தெரியாது, புத்தி மந்தமாகிச் சுகமாகக்கூட இருக்கும் என்றார். மாஸ்க் போட்டுக் குப்புறப் படுக்க வைத்தார்கள். அப்படிப் படுத்தால் முதுகுப்பக்கத்து நுரையீரல் விரியுமாம். பகல் எது, இரவு எது என்று தெரியாமல் கிடந்தேன். காற்று உள்ளே போகப் போக அந்தச் சுகம் கலைந்தது. நெஞ்சு இறுகுவது அப்போதுதான் தெரிந்தது.

நான்காம் நாள் நர்ஸ் போனைக் காதருகே பிடித்தார்.

"எப்படிப்பா இருக்கு?" என்றாள் அக்கா.

நல்லா இருக்கு என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"மூச்சு வாங்குதும்மா. பயமா இருக்கு."

"நீங்க பேச வேணாம்பா. போனை மட்டும் வெச்சுடாதீங்க" என்றாள்.

அவளும் பேசவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டது. அது உள்ளே போகும்போது நானும் இழுத்தேன். அது வெளியே வரும்போது நானும் விட்டேன்.