டெல்ஃபினாவின் மெழுகுவத்தி

டெல்ஃபினாவுக்கு இடி, பாம்பு, பாதிரியார் எதைக் கண்டும் பயம் கிடையாது. அவள் பயந்ததெல்லாம் அக்டோபர் மாதத்துக்குத்தான். மோன்ஃபெராத்தோ மலைச்சரிவில் மற்றவர்கள் திராட்சை அறுவடை நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் திரிவார்கள். இவள் மட்டும் வீட்டுக்கு அடியில் பாறையைக் குடைந்து கட்டிய நிலவறையின் வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். கீழே தொட்டிகளில் சாறு நுரைத்துப் பொங்கும் மாதம் அது. பொங்கும் சாறு விடுகிற காற்று கண்ணுக்குத் தெரியாது. தரையோடு தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். அதற்குள் இறங்கியவனுக்கு உதவிக்குக் கத்தக்கூட மூச்சு இருக்காது.

சின்னப் பெண்ணாக இருந்தபோதே அவள் அதைப் பார்த்துவிட்டாள். அப்பா கீழே போனார், திரும்பவில்லை. அப்பாவைத் தூக்க அண்ணன் ஓடினான், அவனும் திரும்பவில்லை. அண்ணனைத் தேடி ஓடிய அம்மாவைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். அம்மாவாவது மிஞ்சியது அந்த இழுப்பால்தான். அதன்பிறகு அந்த வீட்டில் யார் இறங்கினாலும் கையில் எரியும் மெழுகுவத்தி இருக்கும், அதுவும் முழங்காலுக்குக் கீழே. சுடர் அணைந்தால் அந்தக் கணமே திரும்பிவிட வேண்டும். ஒருவர் விழுந்தால் இன்னொருவர் பின்னால் போகவே கூடாது.

அவள் புருஷன் எவாசியோ இதையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்தவன்தான். அவனிடம் ஒரே ஒரு கோளாறு, யாராவது புகழ்ந்தால் உருகிவிடுவான். மாடி அறைகளை விடுமுறைக்கு வரும் நகரத்துக்காரர்களுக்கு வாடகைக்கு விடத் தொடங்கிய பிறகு புகழ்ச்சிக்கும் பஞ்சமில்லை. அந்த அக்டோபரில் ஜெனோவாவிலிருந்து ரினால்தோ என்ற கப்பல் கம்பெனி குமாஸ்தா வந்து தங்கியிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவர் முகம் சிவந்துவிட்டது.

"இத்தனை வருஷமா சிவப்பு ஒயின்னா எல்லாம் ஒண்ணுதான்னு குடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன் சார். இங்க மேட்டுக்கு மேடு ருசி மாறுதே!"

"இது கிரிஞ்ஞோலினோ," என்றான் எவாசியோ. "வெளிறிக் கிடக்கேன்னு ஏமாந்துடாதீங்க, தொண்டைல இறங்கறப்ப நறுக்குன்னு கிள்ளும். எதிர் மேட்டுக்காரன் போடுறது ஃப்ரெய்சா. அது அவன் மாமியார் மாதிரி, வாயத் தொறந்தாலே நுரை தள்ளும்."

"சார், நீங்க பெரிய ஆளு!"

அவ்வளவுதான், எவாசியோவுக்குத் தலைகால் புரியவில்லை. "பொங்கிக்கிட்டிருக்கற பார்பெராவக் குடிச்சிருக்கீங்களா? இருங்க, ஒரு கூஜா மொண்டுக்கிட்டு வர்றேன்," என்று எழுந்து மெழுகுவத்தியை எடுக்கப் போனான்.

"இந்தக் காலத்துல மெழுகுவத்தியா?" என்று சிரித்த ரினால்தோ, பையிலிருந்து ஒரு புது டார்ச்சை எடுத்து நீட்டினார். எவாசியோ வெட்கப்பட்டு டார்ச்சை வாங்கிக்கொண்டான்.

டெல்ஃபினா சமையலறையிலிருந்து கறி அடைத்த பாஸ்தாவைத் தட்டில் ஏந்தி வந்தபோது புருஷனின் நாற்காலி காலியாக இருந்தது.

"கீழ போயிருக்காரும்மா, இப்ப வந்துடுவாரு."

அவள் சுவரைப் பார்த்தாள். மெழுகுவத்தி ஆணியிலேயே தொங்கியது. தட்டு எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது.

நிலவறை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கத்தினாள். பதில் இல்லை. படிகளுக்குக் கீழே டார்ச் தரையில் கிடந்து அழகாக எரிந்துகொண்டிருந்தது. அந்தக் காற்றில் மெழுகுவத்தி செத்துவிடும், மனிதனும் செத்துவிடுவான். டார்ச் மட்டும் எரியும். அந்த வெளிச்சம் ஆடாமல் அசையாமல் சுவரில் விழுந்தது.

பின்னாலேயே ஓடிவந்த ரினால்தோ இறங்கப் பார்த்தார். அவள் இரண்டு கைகளாலும் வாசலை மறித்தாள்.

"விடும்மா! உங்க புருஷன்மா உள்ள!"

"எம் புருஷன்னு எனக்குத் தெரியாதா? போனா நீயும் விழுவ. கீழ்க்கதவு தொறந்துதானே இருக்கும், காத்து எப்படித் தேங்குச்சு?"

பீப்பாய்களை உருட்டி வெளியேற்றுவதற்காகச் சரிவுப் பாதையில் இருந்தது அந்தக் கீழ்க்கதவு. அக்டோபர் முழுக்க அதைத் திறந்தே வைப்பார்கள்.

ரினால்தோவின் முகம் வெளுத்தது. "கார் வெயில்ல காய வேணாம், கதவுப் பக்கம் நெழல்ல நிறுத்துங்கன்னு சொல்லி சார்தான் கதவச் சாத்தினாரு. கார் அதும்மேல ஒட்டி நிக்குது."

"காரை எடுய்யா! ஓடு! கதவை விரியத் தொறந்துட்டு வெளியவே நில்லு!"

அவர் ஓடினார். டெல்ஃபினா தனியாக நின்றாள். கீழே கார் உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. அதற்குள் அவளுடைய ஒரு கால் தானாகவே முதல் படியில் இறங்கிவிட்டிருந்தது. அம்மாவைப் பிடித்து இழுத்தவர்கள் இப்போது யாரும் இல்லை. தன் கொண்டையைத் தானே பிடித்து, உச்சி வலிக்க இழுத்துக்கொண்டு, காலை மேலே எடுத்தாள். கடவுளே, அவன் சாகிறான், நான் நிற்கிறேன் என்று அழுதாள்.

கதவு திறந்த சத்தம் கேட்டது. பகல் வெளிச்சம் உள்ளே விழுந்தது. மெழுகுவத்தியைப் பற்றவைத்துத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். சுடர் அணைந்தது. திரும்பி ஏறினாள். மறுபடி பற்றவைத்தாள், மறுபடி அணைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் ஏறினாள். அடுத்த தடவை சுடர் கீழ்க்கதவுப் பக்கம் சாய்ந்து பிழைத்துக்கொண்டது.

எவாசியோ கீழ்ப்படிகளில் சரிந்து கிடந்தான். தலை தரையைவிட உயரத்தில் இருந்ததால் உயிர் தங்கியிருந்தது. ரினால்தோவைக் கூப்பிட்டு, இருவருமாக வெளியே இழுத்துப் போட்டார்கள். அவன் இருமி, வாந்தியெடுத்து, கண் திறந்தான்.

நெஞ்சு தேறி அவன் பேச ஆரம்பித்தபோது முதலில் சொன்னது இதுதான்.

"நீ கூப்பிட்டது கேட்டுச்சு. நீ வருவன்னு பாத்தேன்."

"வரல," என்றாள் டெல்ஃபினா.

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. குளிர்காலம் முழுக்க ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள், ஒரே கட்டிலில் படுத்தார்கள். அந்த ஒற்றைச் சொல் இருவருக்கும் நடுவில் கிடந்தது. புருஷன் உள்ளே கிடக்க வாசலில் நின்றவள் என்று ஊரும் முணுமுணுத்தது. அவளுக்கு அதைவிட அவனுடைய மௌனம்தான் பயமாக இருந்தது.

அடுத்த அக்டோபர் வந்தது. அவனுக்கு நெஞ்சு முன்போல் இல்லை, படி ஏற முடியாது. இந்தத் தடவை தொட்டிகளைப் பார்க்க அவள்தான் இறங்க வேண்டும். கீழ்க்கதவு திறந்திருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து மெழுகுவத்தியைப் பற்றவைத்தாள்.

எவாசியோ வாசலில் நின்றான். "ஏதாவது ஆச்சுன்னா நான் வந்துடுவேன், பயப்படாத."

அவள் நின்றுவிட்டாள்.

"வரமாட்டேன்னு சொல்லு."

"என்ன பேச்சு இது? நீ உள்ள கெடக்க நான் எப்படி..."

"சொல்லு. சொன்னாத்தான் எறங்குவேன்."

அவன் கீழே இருட்டைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். வாசல் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"வரமாட்டேன்," என்றான் அழுதபடி.

டெல்ஃபினா சுடரை முழங்காலுக்குக் கீழே தாழ்த்திக்கொண்டு படியில் கால் வைத்தாள்.