பந்தி வரிசையில் எடுத்த முகங்கள்

கல்யாண வீடியோவில் ஒரு முகம் விட்டுப்போனால் என்ன நடக்கும் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். தாலி கட்டும் நேரத்தில் கேமரா ஆடிப்போனால்கூட மன்னித்துவிடுவார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா வரவில்லையென்றால் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார்கள். உழவர்கரையில் வீட்டு முன்னறையையே ஸ்டுடியோவாக்கிப் பதினைந்து வருடமாகக் கல்யாணமும் வளைகாப்பும் எடுத்துவருகிறேன். கேமரா பிடிக்கும் பெண் என்று எனக்குக் கொஞ்சம் மவுசும் உண்டு. இந்தத் தொழிலில் நான் முதலில் கற்றது பந்தியை எடுப்பது. இடது கோடியில் தொடங்கி ஒரு இலை விடாமல் போக வேண்டும். ஒரு முகத்துக்கு மூன்று விநாடி. குனிந்து சாப்பிடுகிறவரை, "சோறு எங்கயும் போவாது, இங்க பாருங்க" என்று நிமிரவைத்து, அவர் சிரித்ததும் அடுத்த இலைக்கு நகர்ந்துவிட வேண்டும். கை பழகிவிட்டால் இதற்கு மூளையே தேவையில்லை.

முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நான் டவுனுக்குள் ஒரு மாடி அறைக்குப் போவதுண்டு. சமூகவியல் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர் ஒருவர் அங்கே இருபது முப்பது பேரை உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டிப் பேசுவார். புரொஜெக்டரை வாடகைக்குக் கொடுக்கப் போனவள், பேச்சில் மாட்டிக்கொண்டேன். ஒரே மூச்சில் மூன்று முறை 'கட்டமைப்பு' என்பார்; வீடு கட்டும் மேஸ்திரிகூட அந்தச் சொல்லை அத்தனை முறை சொல்ல மாட்டார். ஆனால் ஒன்று எனக்கு நன்றாகப் புரிந்தது. நம் படங்களில் போராட்டம் என்றால் கதாநாயகன் ஜீப் மேலே ஏறி நின்று பேசுவான். கீழே ஆயிரம் பேர் கையைத் தூக்குவார்கள். அந்த ஆயிரம் பேரில் ஒருவருடைய முகமும் நமக்கு ஞாபகம் இருக்காது. செய்தி சேனல்களும் அப்படித்தான், தலைகளை மேலிருந்து காட்டிவிட்டுத் தலைவரிடம் மைக்கை நீட்டும். "உழைக்கிறவங்களுக்குத் திரையில முகமே கெடையாதும்மா. இது தற்செயலா நடக்கறது இல்ல" என்றார் அவர். முகம் எடுத்தே பிழைக்கிற எனக்கு அதைக் கேட்டுப் பெருமை தாங்கவில்லை.

அதனால்தான் போன வருடம் கோடை தொடங்கிய சமயத்தில் அவர் கூப்பிட்டதும் போனேன். ஒரு பெரிய கடைத்தொகுதியில் கூட்டித் துடைக்கும் ஒப்பந்தப் பெண்கள் ஒருநாள் தர்ணா உட்காரப்போகிறார்கள், அதைப் படம் எடுக்க வேண்டும் என்றார். வாரத்தில் ஒருநாள் விடுப்பு வேண்டும், வேலைக்கு நடுவில் சற்று உட்கார ஓர் இடம் வேண்டும், அவர்கள் கேட்டது அவ்வளவுதான். எங்கள் எதிர்வீட்டு அக்காவும் அங்கேதான் வேலை பார்த்தாள். காலையில் தண்ணீர் பிடிக்கும்போது என்னிடம் சொல்லியிருக்கிறாள். "நின்னுக்கினே இருக்கணும். செவுத்துல சாஞ்சா போதும், கேமராவுல பாத்துட்டு சூப்பர்வைசர் ஓடியாந்துடுவாரு." வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார், பத்தாவது படிக்கும் மகள். புருஷன் போய்ச் சேர்ந்து நான்கு வருடம். அந்த வீட்டில் அவள் ஒருத்தி கொண்டுவருவதுதான் சோறு.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மரத்தடியில், தார்ப்பாய் விரித்து, வரிசை வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முப்பது பேர் இருக்கும். எனக்கு அந்தக் காட்சி பந்தி மாதிரியே இருந்தது, இலைதான் இல்லை. என் கால் தானாக இடது கோடிக்குப் போய் நின்றது. ஒரு முகத்துக்கு மூன்று விநாடி. குனிந்திருந்தவர்களை நிமிரவைத்தேன். கோஷம் போட்டுக் களைத்தவர்கள் என்னைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தார்கள். கடைசி வரிசைக் கோடியில் பச்சைப் புடவையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கோரிக்கை எழுதிய அட்டையை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள்.

"யக்கா, அட்டைய எறக்கு. இங்க பாரு."

"ஐய, வேணாம். என்னைய உட்டுடு."

"எல்லாரும் வந்துட்டாங்க. நீ ஒருத்தி உட்டுப்போயிடுவ. சும்மா பாரு."

அட்டையை இறக்கினாள். நான் கேட்டேன் என்பதற்காகச் சிரிக்கவும் செய்தாள். நல்ல வெளிச்சம், மூக்குத்திகூட மின்னியது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

திரும்பும்போது என் ஸ்கூட்டியில்தான் ஏறிக்கொண்டாள். வழியில் காதுக்குப் பக்கத்தில் வந்து, "மாமியார கோரிமேடு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்னு லீவு சொல்லிட்டு வந்தேன். ஆண்டவன் கண்ண குத்தப்போறான்" என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். சாயந்திரமே உட்கார்ந்து மூன்று நிமிடத்துக்கு வெட்டி ஒட்டினேன். பச்சைப் புடவை வரும் இடத்தை வெட்டும்போதுகூட எனக்குப் பொறி தட்டவில்லை. அழகாக வந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. பேராசிரியர் அதைத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏற்றினார்.

ஏழு மணிக்கெல்லாம் லைக்குகள் குவிந்தன. தெரியாதவர்கள் எல்லாம் 'அருமை' என்று எழுதினார்கள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். ஒருவர் எழுதியிருந்தார்: "செகண்ட் ஃப்ளோர் செட் பூரா இங்கதான் இருக்கு போல." அதற்குக் கீழே இன்னொருவர்: "கடைசில பச்சப் பொடவ, ஃபுட் கோர்ட் ஆளுதானே? மாமியாருக்கு ஒடம்பு முடியலன்னு இல்ல லீவு?" பக்கத்தில் சிரிக்கும் பொம்மை இரண்டு போட்டிருந்தார்.

அப்படியே பேராசிரியரை அழைத்தேன்.

"சார், உடனே தூக்கிடுங்க சார்."

"பதறாதம்மா. இது ஆவணம். அவங்க தைரியமா வந்து உக்காந்தாங்க, அந்தத் தைரியத்ததான் காட்டியிருக்கோம்."

"அவங்க கூட்டத்துல வந்து உக்காந்தாங்க சார். நான் ஒவ்வொருத்தரா பிரிச்சி எடுத்துக் குடுத்துட்டேன்."

"எனக்குத் தோணவே இல்லையேம்மா" என்றார். உடனே தூக்கிவிட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. திரையில் முகமில்லாமல் இருப்பது அவமானம் என்று அவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் அந்தப் பெண்களுக்குக் கூட்டம்தான் ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடம். அதை யோசிக்க எங்கள் இருவருக்குமே வேலை போகும் பயம் இருந்திருக்க வேண்டும், அது எங்களுக்கு இல்லை.

எனக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. டவுனில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். எடுத்து முடித்ததும் மெமரி கார்டைக் கழற்றி, ஹாலிலேயே பெண்ணின் அம்மா கையில் கொடுத்துவிட்டு வருவேன். எந்த முகம் யார் கண்ணில் படலாம் என்பது முகத்துக்கு உரியவர்கள் முடிவு செய்ய வேண்டியது. இத்தனை வருடத்தில் அதை நான் ஒருமுறையும் மீறியதில்லை. இங்கே அப்படிக் கேட்க யாரும் இல்லை என்பதால் எனக்கு நினைவே வரவில்லை. வேண்டாம் என்று கேட்டவளையும் அட்டையை இறக்கவைத்தேன்.

தூக்கிவிட்டதும் தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப் ஒலித்தது. மண்டபத்து மேக்கப்காரர்களும் டெக்கரேஷன்காரர்களும் இருக்கும் எங்கள் குரூப்பில் அதே வீடியோ, 'நம்ம வீடியோ அக்கா எடுத்தது, வாழ்த்துகள்' என்ற வரியோடு. எங்கெங்கே போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குப் பிறகு ஒவ்வொரு 'டிங்' சத்தத்துக்கும் போனை எடுத்துப் பார்த்தேன்.

எதிர்வீட்டுக்குப் போனேன். அக்காவிடம் இருப்பது பட்டன் போன், அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. மாமியாருக்கு ரசஞ்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். "வா, இன்னா இந்நேரத்துல?" என்றாள். "சும்மாதான்க்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சூப்பர்வைசர் பார்த்திருக்க மாட்டார், பார்த்தாலும் கண்டுகொள்ள மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தாள். நான் வாசலில்தான் நின்றிருந்தேன், அவளுக்காகத்தான் நின்றிருந்தேன். சொல்லியிருந்தால் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருந்திருப்பாள். தர்ணாவை நடத்திய சங்கத்துக்காரர்களிடம் போய் என்ன செய்வது என்று கேட்டிருப்பாள். ஒரு பதிலாவது யோசித்து வைத்துக்கொண்டு போயிருப்பாள். "வர்றேன்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். தெருமுனையில் அவள் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் என்னைத் திட்டிவிடுவாள் என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

பதினொரு மணிக்கு ஸ்டுடியோ வாசலில் பைக் நின்றது. இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் சந்தனம், நாற்பது வயதுக்காரர். கல்யாண ஆர்டர் என்று நினைத்து ஆல்பத்தை எடுத்து வைத்தேன். அவர் பொறுமையாக இரண்டு பக்கம் புரட்டினார். அப்புறம் ஒரு பென்டிரைவை மேசைமேல் வைத்தார்.

"நேத்து மரத்தடியில எடுத்தீங்களே மேடம், அது முழுசா வேணும். கட் பண்ணாதது."

யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. "கார்ட அழிச்சிட்டேன் சார். அடுத்த ஃபங்ஷனுக்கு வேணும்ல" என்றேன். முப்பது முகமும் முதுகுக்குப் பின்னால் என் கம்ப்யூட்டரில் இருந்தன.

"ஆமாமா, வர்ற முகூர்த்தத்துக்குக் கருவடிக்குப்பத்து மண்டபத்துல உங்களுக்கு ஷூட்டிங் இருக்குதில்ல? மண்டபத்துக்காரரு நம்ம சொந்தம்தான்" என்றார். குரலில் துளி கோபமில்லை. எழுந்து பென்டிரைவைப் பையில் போட்டுக்கொண்டார். "பரவால்ல மேடம். வெளிய சுத்தறதே போதும். எங்க கடையில அத்தனை கேமரா வெச்சிருக்கோம், ஒண்ணுலயும் இவ்ளோ தெளிவா மொகம் விழாது. நல்லா எடுத்திருக்கீங்க."

பதினைந்து வருடத்தில் என் வேலையை அப்படி மெச்சியவர் யாருமில்லை. அவர் போனதும் கதவைத் தாழிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு கம்ப்யூட்டரில் இருந்ததை முழுக்க அழித்தேன். அழித்தும் பயம் போகவில்லை, மண்டபம் போய்விடுமோ என்ற பயமும் அதோடு சேர்ந்துகொண்டது.

மூன்று மணிக்கு அக்கா வந்தாள். ஐந்தரைக்குத்தான் வர வேண்டும். வீட்டுக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போன்ல காட்டுனாங்க. நான் இல்லன்னு சொன்னேன். ரெண்டு வெரல வெச்சி பெருசு பண்ணிக் காட்டுனாங்க. மூக்குத்தியக் காட்டி இது யாரோடதுன்னு சூப்பர்வைசரு கேட்டாரு." சாப்பாட்டுப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "மத்தவங்கள எல்லாம் மன்னிப்பு எழுதி வாங்கிக்கினு உட்டுட்டாங்க. நான் பொய் சொல்லி லீவு போட்டனாம். நாளைலருந்து வராதன்னுட்டாங்க."

தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். "ஒனக்கு இப்பதான் தெரியுமா?" என்று கேட்டாள். அப்போதாவது பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

"நேத்தே தெரியும்க்கா."

சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "காலையில நான் போவும்போது வாசல்லதான நின்ன?" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எழுந்து போய்த் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும் என்று அடுத்த வாரம் மறுபடி தர்ணா. பேராசிரியர் அவளுக்காக மனுக்கள் எழுதிக்கொண்டு அலைந்தார். நான் கேமரா இல்லாமல், சும்மா உட்காரத்தான் போனேன். தார்ப்பாயை நெருங்கும்போதே முன்வரிசையில் ஒருத்தி என்னைப் பார்த்தாள். முந்தானை மேலே ஏறி முகத்தை மறைத்தது. பக்கத்தில் இருந்தவளும் மறைத்துக்கொண்டாள், அதற்கடுத்தவளும். கேமரா இல்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். ஒருத்தியும் முந்தானையை இறக்கவில்லை. கடைசி வரிசையில் அக்கா மட்டும் முகத்தைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தாள். வா என்று சொல்லவில்லை, ஆனால் நகர்ந்து இடம் விட்டாள்.

கால்மணி நேரம் போயிருக்கும். சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு மாடியில் யாரோ போனை உயர்த்திப் பிடித்திருந்தார். இடது கோடியிலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்தார். எங்கள் வரிசைக்கு வர எத்தனை விநாடி ஆகும் என்று எனக்குத் தெரியும். அக்காவும் பார்த்துவிட்டாள். முகத்தைத் திருப்பாமலே, "எனக்கு இன்னா, போனது போச்சி. ஒனக்கு மண்டபத்து வேல இருக்குது, நீ மூடிக்க" என்றாள்.

நான் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டேன்.