கிருபைராஜ் சொல்ல வந்தது

பாளையங்கோட்டையில் கிருபைராஜின் தொண்டையைப் பற்றித் தெரியாதவர்கள் குறைவு. டவுன் பஸ் கண்டக்டர். ஜங்ஷனில் நின்றுகொண்டு ‘சமாதானபுரம், மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட்’ என்று அவர் கூப்பிட்டால் ஆற்றுப்பாலம் தாண்டிக் கேட்கும் என்பார்கள். அவ்வளவு தூரம் கேட்காதுதான். ஆனாலும் யாரும் மறுத்ததில்லை. சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை முடிந்து சர்ச் வாசலில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவதும் அவர்தான். ஒரு பூசணிக்காயை ஆட்டுக்குட்டி விலைக்கு ஏற்றிவிட்டு, ‘தேவனுக்குக் குடுக்கதுக்கு என்னவே கணக்குப் பாக்கிய’ என்று எடுத்தவரையே கேலியும் செய்வார்.

அவர் மனைவி ஜெபராணி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் பேச வேண்டியதை எல்லாம் அவரே பேசித் தீர்த்துவிட்டதால், இவள் பேசாமலே பழகிப்போனவள். பிள்ளைகள் கிடையாது. அந்தக் குறையைப் பற்றி வெளியே பேசினவரும் அவர்தான். அவள் அதையும் பேசவில்லை.

நோய் முதலில் நாக்குக்குத்தான் வந்தது. வார்த்தை குழறியது. கண்டக்டர் குடித்திருக்கிறார் என்று பயணி ஒருவர் புகார் கொடுக்க, டிப்போவில் வாயை ஊதச் சொன்னார்கள். வாழ்நாளில் சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனுஷன், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கை போனது, கால் போனது. நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும் நோய், மருந்து இல்லை என்று டாக்டர் சொன்னார். கடைசியில் அவரிடம் மிஞ்சியது வலது கை ஆள்காட்டி விரலும் இரண்டு கண்களும்.

அந்த ஒரு விரலுக்காகத்தான் கம்ப்யூட்டர் வந்தது. அவருடைய தங்கை மகன் ஜாஸ்பர் பெங்களூரில் வேலை பார்க்கிறவன். அவனே கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தான். திரையில் ஒரு எழுத்துப்பலகை, அதில் தமிழ் எழுத்துகள் வரிசையாக இருக்கும். ஒரு மஞ்சள் கட்டம் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்துகொண்டே போகும். வேண்டிய எழுத்துக்கு வரும்போது விரலுக்கடியில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். வாக்கியம் முடிந்ததும் கம்ப்யூட்டர் அதை ஒரு ஆண் குரலில் படிக்கும். உப்புச் சப்பில்லாத குரல். முதல் தடவை கேட்டபோது ஜெபராணி சமையலறைக்குள் போய் அழுதாள்.

ஆனால் மனுஷன் பழைய மனுஷன்தான் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் ஜெபக்கூட்டம். வெளியூர் சுவிசேஷகர் ஒருவர் கட்டிலருகே நின்று, எழுந்து நடப்பாய், எழுந்து நடப்பாய் என்று நெடுநேரம் ஜெபித்துக்கொண்டிருந்தார். நடுவில் கம்ப்யூட்டர் கனத்த குரலில் ‘போதும்’ என்றது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஜெபராணிக்கு மானம் போனது. எல்லோரும் போன பிறகு அவளும் சிரித்தாள். அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்துப் போனது மூச்சு. ஆஸ்பத்திரியில் டாக்டர் மூடி மறைக்காமல் சொன்னார். இனி எந்த நேரமும் மூச்சு நிற்கலாம். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, வீட்டிலேயே மிஷினில் மூச்சு கொடுக்கலாம். வருஷக்கணக்கில்கூட இருக்கலாம். ஆனால் அந்த விரலும் போய்விடும், அதன் பிறகு கண்ணும் போகலாம். குழாயை வைத்துவிட்டால் பிறகு எடுப்பது அத்தனை எளிதல்ல.

“முடிவு அவர் சொல்லட்டும். அவருக்குப் புத்தி தெளிவா இருக்கு. யோசிச்சு எழுதச் சொல்லுங்க” என்றார்.

மறுநாள் காலை கிருபைராஜ் எழுத ஆரம்பித்தார். ‘ஜெபா, டாக்டர் கேட்டதுக்கு’ என்பது வரைக்கும் வருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. விரல் தளர்ந்திருந்தது. அதைவிடக் கம்ப்யூட்டர் தளர்ந்திருந்தது. மஞ்சள் கட்டம் ஒரு எழுத்தில் நின்று, தவித்து, அமுக்கிய பிறகு வேறு எழுத்துக்குத் தாவியது. அழித்து அழித்து எழுதியதில் மனுஷன் நெற்றியெல்லாம் வியர்த்துப்போனது. பிறகு கண்களை மூடி மூடித் திறந்தார், நாளைக்கு என்று. சற்று நேரத்தில் தூங்கிவிட்டார்.

ஜெபராணிக்கு ஆற்றமாட்டாமல் வந்தது. ஹெப்ரானுக்குப் போன் போட்டாள். ஹெப்ரான் சர்ச்சில் பாட்டு வரிகளைத் திரையில் போடுகிறவன். அதனாலேயே சபையில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். திரையில் பாட்டுப் போடத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அங்கே யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. அவனுக்கும் அந்த நம்பிக்கை வந்துவிட்டிருந்தது.

“அக்கா, செட்டிங்ஸ்ல ஒரு பெட்டி வரும். அதுல டிக் போட்டா முழு வேகமும் எடுக்கும். நான் சொல்லச் சொல்லப் பைய அமுக்குங்க” என்றான்.

அவன் சொன்ன பெட்டியில் அவள் டிக் போட்டாள். பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு பெட்டி இருந்தது. ஒன்றுக்கே வேகம் கூடுமென்றால் இரண்டுக்கும் போட்டால் இன்னும் கூடுமே என்று அதிலும் போட்டாள். அவனிடம் சொல்லவில்லை. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். மின்விசிறி சுற்றியது. புள்ளிகள் வட்டமாக ஓடின. திரை நீலமானது, பிறகு கறுப்பு. மறுபடி புள்ளிகள், மறுபடி நீலம். சாயங்காலம் கிருபைராஜ் கண் விழித்தபோதும் அது அப்படியேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

ஹெப்ரான் நேரில் வந்தான். கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த ஒரு பட்டையை உருவி, அதன் பல்லைப் பென்சில் ரப்பரால் தேய்த்தான். வாயால் ஊதினான். உள்ளிருந்த பொத்தான் பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து மாட்டினான். எதற்கும் அது மசியவில்லை. கடைசியில் கம்ப்யூட்டர் மேல் கையை வைத்துக் கண்ணை மூடி ஜெபித்துவிட்டுப் பொத்தானை அமுக்கினான். புள்ளிகள், நீலம், கறுப்பு. கட்டிலில் கிடந்தவர் கண்களைக் கூரைக்கு உயர்த்தினார். அவருக்கு அது சிரிப்பா வெறுப்பா என்று ஜெபராணிக்குத் தெரியவில்லை.

மார்க்கெட் பக்கம் இருந்த கம்ப்யூட்டர் கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றார். எழுத்துப்பலகையும் போய்விடும் என்று பயந்து ஜாஸ்பரைக் கேட்டாள். அவன் பதறிவிட்டான்.

“அழிக்க விட்டுராதீங்க அத்தை. யாரையும் தொட விடாதீங்க. ஞாயித்துக்கெழம நான் வாரேன்.”

அதுவரை கண்தான் பேச்சு. மேலே பார்த்தால் ஆமாம். கண்ணை மூடி வைத்திருந்தால் வேண்டாம். கஞ்சி வேணுமா, திருப்பிப் படுக்க வைக்கவா, ஃபேனைக் குறைக்கவா என்று அவள் கேட்பாள், அவர் சொல்வார். சபைக்காரர்களுக்கு இது விளங்கவில்லை. ‘ஜெபம் பண்ணட்டுமா அண்ணாச்சி’ என்று கேட்பார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். மனுஷன் இப்போதே ஜெபத்துக்குள் போய்விட்டார் என்று இவர்கள் உருகி, இன்னும் நீளமாக ஜெபிப்பார்கள். எவ்வளவுக்கு வேண்டாம் என்கிறாரோ அவ்வளவுக்கு நீளும். ஜெபராணி ஒன்றிரண்டு பேரிடம் விளக்கிப் பார்த்தாள். ஜெபம் வேண்டாம் என்று ஒரு கிறிஸ்தவன் சொல்லுவான் என்பதை அவர்கள் நம்பத் தயாராக இல்லை.

டாக்டரின் கேள்வியை மட்டும் அவள் அவரிடம் கேட்கவில்லை. கண்ணாலேயே பதில் சொல்லக்கூடிய கேள்விதான். தினம் துடைத்துவிடும்போது வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுவாள். ஏனென்றால் பதில் அவளுக்குத் தெரியும். டிப்போவில் வாயை ஊதச் சொன்னதையே தாங்காத மனுஷன், மிஷின் ஊதும் மூச்சில் வருஷக்கணக்காகக் கிடக்கச் சம்மதிப்பாரா. கம்ப்யூட்டர் ஓடாமல் கிடந்த அந்த நாள்களில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அதை நினைத்து அவளே கூசினாள். ஆனாலும் அது இருந்தது.

ஜாஸ்பர் வருவதற்கு முதல் நாள் காலை, கஞ்சி கொடுக்கும்போது கிருபைராஜுக்கு மூச்சு அடைத்தது. உதடு நீலம் பாய்ந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செய்தி கேட்டுக் குருவானவரும் ஹெப்ரானும் ஓடி வந்தார்கள்.

“குழாய் வைக்கணுமா, வேண்டாமா? அவர் எதாவது சொன்னாரா?” என்று டாக்டர் கேட்டார்.

“எழுத ஆரம்பிச்சாங்க. கம்ப்யூட்டர் நின்னுபோச்சு” என்றாள்.

“இப்பக் கேளுங்கம்மா. நினைவு இருக்கு.”

அவள் குனிந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னங்க, தொண்டையில குழாய் வைக்கச் சொல்லுதாங்க. வைக்கட்டுமா?” என்று கேட்டாள். அவர் கண்களை மூடினார். இறுக மூடினார். திறந்து, அவளைப் பார்த்து, மறுபடி மூடினார்.

பின்னால் நின்ற குருவானவர் சொன்னார். “அண்ணாச்சி ஜெபம் பண்ணுதாங்கம்மா. ஆண்டவர் கையில ஒப்புக்குடுத்துட்டாங்க.”

டாக்டர் ஜெபராணியைப் பார்த்தார். அவருக்கு இந்தக் கண் கணக்கு தெரியாது. அங்கே அதைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவரால் பேச முடியாது. இன்னொருத்தி பேசவில்லை.

“வச்சிருங்க டாக்டர்” என்றாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ஜாஸ்பர் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வந்தான். மாமாவைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். பென்டிரைவ் ஒன்றைச் சொருகி, கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தான். எழுத்துப்பலகை வந்துவிட்டது.

“ரெண்டாவது பெட்டியிலயும் டிக் போட்டிருக்கீங்க அத்தை. மெமரிய இவ்வளவுதான் எடுக்கணும்னு அது பூட்டிப்போட்டுட்டு. வேற ஒண்ணுமே கெடல.”

அவ்வளவுதானா என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றான். காப்பி போட்டு வருகிறேன் என்று உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மிஷினோடு கிருபைராஜ் வீட்டுக்கு வரச் சில வாரங்கள் ஆயின. தொண்டைக் குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்க நர்ஸ் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். உறிஞ்சும் ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணில் தண்ணீர் கோக்கும், அவள் துடைத்துவிடுவாள். விரலில் இன்னும் கொஞ்சம் அசைவு மிச்சமிருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டுப் பொத்தானை விரலுக்கடியில் வைத்தாள்.

பழைய வரி திரையில் அப்படியே நின்றது. ‘ஜெபா, டாக்டர் கேட்டதுக்கு’. மஞ்சள் கட்டம் இப்போது ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. அவர் ஒவ்வொரு எழுத்தாக அமுக்கினார். அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. வெயில் ஜன்னலை விட்டு இறங்கியபோது கம்ப்யூட்டர் படித்தது.

“ஜெபா, டாக்டர் கேட்டதுக்கு கண்ணால சொன்னேனே.”

“வெளங்கிச்சுங்க” என்றாள் ஜெபராணி. “வேண்டாம்னுதான் சொன்னிய. எனக்கு நல்லா வெளங்கிச்சு. நீங்க இல்லாம இந்த வீட்டுல நான் என்னத்தச் செய்ய?”

அவள் அவரிடம் தனக்காக எதையும் கேட்டதில்லை. கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அவர் அவளை நெடுநேரம் பார்த்தார். மிஷின் ஏற்றி இறக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பிறகு விரல் மறுபடி அமுக்க ஆரம்பித்தது. இந்தத் தடவை வாக்கியம் சின்னது.

“இனி இதப் போடாத.”

அன்றைக்கு அவள் கம்ப்யூட்டரை அணைத்தாள். மறுநாள் காலையில் முகம் துடைத்துவிட்டு, மறுபடி போட்டாள். பொத்தானை எடுத்து விரலுக்கடியில் வைத்தாள். மஞ்சள் கட்டம் அகரத்திலிருந்து கடைசி எழுத்து வரை போய்த் திரும்ப முதலிலிருந்து வந்தது. விரல் அசையவில்லை. அவர் சொல்லி அவள் கேட்காதது அதோடு இரண்டு.