இரும்போடு வராதே

என் மூத்த ஓரகத்திக்கு மூக்குக்கு மேல் கோபம். நாங்கள் இருவரும் வேலை செய்யும் மோட்டார் பட்டறையில் எல்லோருக்கும் அவள் ‘பட்டாசு’. நான் மட்டும் அக்கா என்பேன். வீட்டுக்குப் போனால் அதே வாயில்தானே மறுபடியும் மாட்ட வேண்டும்!

மோட்டாருக்குள் காந்தம் பதிப்பது அவள் வேலை. உள்ளங்கை அகலக் கட்டிகள். ஒன்று வெளியே இருந்தால் மற்றது மரப்பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். அதை மீறியவள் நான்தான். டீ நேரத்தில் ஒரு கட்டியை மேசைக்கு அடியில் பிடித்து, மேலே நட்டுகளை ஆட வைத்து எல்லோரையும் சிரிக்க வைத்தேன். மணி அடித்ததும் அதை மேசைமேல் வைத்து, கைத்துணியைப் போட்டுவிட்டுப் போய்விட்டேன். புத்தி புல் மேயப் போயிருந்தது.

அக்கா இடது கையில் இன்னொரு கட்டியோடு வந்து, வலது கையால் துணியை எடுக்கப் போனாள். டக்கென்று ஒரு சத்தம். மூன்று விரல்கள் இரண்டு கட்டிகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டன.

கடப்பாறையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“அங்கேயே நில்லுடி! இரும்போட வராதே! அதுவும் வந்து ஒட்டிக்கிட்டா கை கூழாயிடும்!”

கீழே போட்டேன்.

“இடுப்புல சாவிக்கொத்து?”

அவிழ்த்து எறிந்தேன்.

“கொண்டை ஊசி? அதையும் பிடுங்குடி!”

தலைவிரி கோலமாகப் போய் நின்றேன்.

“இழுக்காதே, இழுத்தா வராது. மர ஆப்பை நடுவுல சொருகி அடி.”

“விரல்ல பட்டுடும்க்கா.”

“பட்டா படட்டும். அடி!”

விரல் நுனிகள் கறுத்துக்கொண்டே வந்தன. ஆப்பைச் சொருகி மரச்சுத்தியால் அடித்தேன். மூன்றாவது அடியில் இடைவெளி விட்டது. கையை உருவிக்கொண்டாள். மோதிர விரலின் நுனி நசுங்கித் தொங்கியது.

முதலாளி ஓடி வந்து, “யாரு இதை மேசையில வச்சது?” என்றார்.

“இவதான். அறிவு கெட்டவ,” என்றாள் அக்கா. “வாடி ஆஸ்பத்திரிக்கு.”

இரண்டு விரல்கள் தப்பின. மோதிர விரலின் நுனியை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். உள்ளே கூட்டிப் போகும் முன் அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

“அத்தை கேட்டா, நானே வச்சுட்டு மறந்துட்டேன்னு சொல்லிடு. இல்லேன்னா அந்த வீட்ல உன்னை வாழ விடமாட்டாங்க.”

சாயங்காலம் எங்கள் மாமியார் வாசலிலேயே கேட்டார். உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டிய திட்டு எனக்குப் போதவில்லை.