பதினொரு பெட்டி உப்பு

விளாத்திகுளத்துப் பக்கம் மழை பொய்த்த வருஷம் தூத்துக்குடி உப்பளங்களுக்கு இறங்கி வந்த குடும்பங்களில் சிவனாண்டி குடும்பமும் ஒன்று. சிவனாண்டிக்கு இரண்டு மக்கள். மூத்தவள் செல்லக்கிளி. அவளுக்கு ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவன் இசக்கியப்பன். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துக் கண்ணை மூடிவிட, தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் செல்லக்கிளி புருஷன் வீட்டுப் படி ஏறினாள். கட்டிக்கொண்டவன் மாடக்கண்ணு, சிவனாண்டிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மகன். பெண் ஒன்று, பிள்ளை ஒன்று, இரண்டையும் ஒரே முகூர்த்தத்தில் வாங்கிக்கொண்டு போகிறேன் என்று அன்றைக்கு அவன் பந்தியில் சொல்லிச் சிரித்ததை எல்லாரும் மெச்சினார்கள்.

அந்த இசக்கியப்பனுக்கு உடம்பு மட்டும் வைக்கவே இல்லை. இருபத்திரண்டு வயதில் ஆள் பனைமட்டை மாதிரி இருப்பான். கன்னம் ஒட்டி, தோள்பட்டை எலும்பு சட்டைக்குள் துருத்தி நிற்கும். டீக்கடையில் உட்கார்ந்தால் ஆளுக்கு ஒன்று சொல்லாமல் விடமாட்டார்கள். கச்சான் காற்றுக்கு மடியில் கல்லைக் கட்டிக்கொண்டு நட என்பான் ஒருவன். மடித்து வைத்தால் டிபன் கேரியரிலேயே அனுப்பிவிடலாம், பஸ் டிக்கெட் மிச்சம் என்பான் ஒரு லாரி டிரைவர். இசக்கியப்பனும் சிரிப்பான். தன்னைவிடக் கனமான உர மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பலகைமேல் நடக்கிற ஆள் அவன் என்பது கூடத் தூக்குகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் மூட்டை தூக்கும்போது எல்லாரும் மூட்டையைத்தான் பார்க்கிறார்கள். சும்மா நிற்கும்போதுதான் ஆளைப் பார்க்கிறார்கள்.

எழுபத்து நாலில் புதுத் துறைமுகம் திறந்த பிறகு அத்தானும் மச்சினனும் ஒரே சரக்கு இறக்கும் கம்பெனியில் தினக்கூலிகள். மாடக்கண்ணு பழைய துறைமுகத்திலிருந்தே அந்தக் கம்பெனியின் லிஸ்டில் பெயர் எழுதிக் காத்திருந்தவன். லிஸ்டில் பெயர் மேலே ஏறி ஏறி வந்து, ஒரு நாள் பித்தளை வில்லை கொடுப்பார்கள். வில்லை சட்டையில் ஏறிவிட்டால் பெர்மனென்ட். அதற்குப் பிறகு கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் அடுப்பு எரியும்.

வீட்டிலிருந்து புதுத் துறைமுகத்துக்கு ஆறு மைல். மாடக்கண்ணு சைக்கிளில் போவான். பின்னால் உட்காரச் சொன்னால் இசக்கியப்பன் உட்காரமாட்டான், கூடவே ஓடி வருவான். முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அதுவே வெறியாகிவிட்டது. வேலை முடிந்து எல்லாரும் கால் நீட்டுகிற நேரத்தில் அவன் கடற்கரை ரோட்டில் இன்னொரு முறை ஓடுவான். மாடக்கண்ணு ஹேண்டில்பாரில் நீராகாரத் தூக்குவாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு பக்கத்திலேயே மிதித்து வருவான். வெயிலில் பன்னிரண்டு மைல் ஓடிவிட்டு அவன் மூச்சு இரைக்காமல் நின்று பேசுவதை உலகத்தில் ஒருத்தன் கண்ணால் பார்த்திருக்கிறான் என்றால் அது மாடக்கண்ணுதான். இதை இங்கே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

அவன் மெலிவைப் பற்றிய பேச்சு முழுக்க வந்து விடிந்தது செல்லக்கிளி தலையில். உப்பளத்தில் அவளோடு உப்பு சுமக்கிற பொம்பிளைகள், பெட்டியைத் தலைக்கு ஏற்றும்போதே அவளைக் குத்துவார்கள். தாய் இல்லாத பயலுக்கு அரை வயிறு, புருஷனுக்கு முழு வயிறு என்று அவள் காதுபடவே சொன்னார்கள். மாடக்கண்ணு அப்போதே நல்ல ஆள் பருமன், அதனால் அந்தப் பேச்சு சரியாக ஒட்டிக்கொண்டது. தம்பிக்கு அவள் போடுகிற சோறு அத்தானுக்குப் போடுவதைவிட அதிகம். அவனும் சட்டியை வழித்துத் தின்பான். தின்றதெல்லாம் ரோட்டில் போய்விடும். ஓடாதே என்று கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டாள், கடைசியில் முப்பிடாதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். தம்பி உடம்பில் சதை பிடிக்க வேண்டும், பிடித்தால் அவன் எடைக்கு எடை உப்பு.

ஒரு வருஷம் பார்த்தாள். சதை பிடிக்கிற வழியாக இல்லை. முன்கூட்டியே கொடுத்துவிட்டால் அம்மன் கூச்சப்பட்டாவது சதையைப் போடுவாள் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டாள். எடைக்கு எடை கொடுப்பது நோயில் விழுந்து எழுந்தவர்களுக்கு, இல்லாவிட்டால் நினைத்த காரியம் நடந்தவர்களுக்கு என்றுதான் அந்தப் பக்கத்து வழக்கம். நல்லா இருக்கிற ஆளைத் தராசில் ஏற்றினால் ஊர் என்ன நினைக்கும் என்று இசக்கியப்பன் இழுத்தான். "எனக்காக உக்காருய்யா. நான் போடுத சோத்தை ஊரு ஏசாம இருக்கட்டும்" என்று அவள் சொன்னதும் சரி என்றுவிட்டான்.

அம்மன் கொடைத் திருவிழா அன்றைக்குக் கோயில் வாசலில் தராசு தொங்கியது. இசக்கியப்பன் குளித்த ஈரத்தோடு, இடுப்பில் ஒரு துண்டோடு, ஒரு தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மறு தட்டில் உப்பை வைக்க வேண்டியது அத்தான் அல்லது மச்சினன் முறைக்காரன். அதனால் மாடக்கண்ணுதான் ஓலைப்பெட்டியால் உப்பை வாரி வாரி வைத்தான். பதினொரு பெட்டியில் தட்டு இறங்கிவிட்டது. கூட்டத்தில் யாரோ அய்யோ பாவம் என்றார்கள். கொடைக்கு வந்திருந்த ஸ்டூடியோ அற்புதமணி ஒரு படம் எடுத்தார். ஒரே ஒரு பிரதி. செல்லக்கிளி அதைச் சேலை மடிப்புக்குள் வைத்து டிரங்குப் பெட்டியில் பூட்டினாள். படத்தில் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

அடுத்த வருஷம், எழுபத்தாறில், துறைமுகத்துக் கம்பெனிகளுக்குள் ஓட்டப் போட்டி வைத்தார்கள். பழைய துறைமுகத்தில் தொடங்கி, புதுத் துறைமுகம் போய், திரும்பி வர வேண்டும். பூட்ஸ் போட்டவர்கள், வெள்ளை பனியன்காரர்கள் என்று நாற்பது பேர். இசக்கியப்பன் வெறுங்காலோடு நின்றான். இவனை ஏன் விட்டார்கள், வழியில் விழுந்தால் யார் பொறுப்பு என்று ஒரு அதிகாரி சத்தம் போட்டாராம். கிளம்பும்போது எல்லாருக்கும் பின்னால் நின்றவன், வரும்போது இரண்டாவது ஆளுக்கு அரை மைல் முன்னால் வந்தான். எல்லைக்கோட்டில் மாடக்கண்ணுதான் ஓடிப்போய்த் தூக்கினான். தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, "எங்க வீட்டுச் சோறுல்லா ஓடுது" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். செல்லக்கிளி அழுதுவிட்டாள். அவள் சோற்றுக்கு அன்றைக்குத்தான் மரியாதை வந்தது.

கம்பெனியில் தொழிலாளர் விவகாரம் பார்த்தவர் ஜெயசிங். அவர் மறுநாளே இசக்கியப்பனைக் கூப்பிட்டார். மெட்ராஸில் எல்லாத் துறைமுகத்துக்கும் சேர்த்துப் போட்டி வருகிறது, அதில் பெர்மனென்ட் ஆள்தான் ஓட முடியும், அதனால் அடுத்து காலியாகிற வில்லை உனக்கு, டாக்டர் சீட்டு மட்டும் வேண்டும் என்றார். அடுத்து காலியாகிற வில்லை லிஸ்ட்படி யாருக்கு வர வேண்டியது என்பது அவருக்கு ஞாபகம் இல்லை. இசக்கியப்பனுக்குச் சந்தோஷத்தில் அது தோன்றவே இல்லை. வீட்டுக்கு ஓடி வந்து முதலில் சொன்னது மாடக்கண்ணுவிடம்தான். மாடக்கண்ணு கொஞ்ச நேரம் சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு, நல்லது மாப்ள, என்றான்.

ஒன்பது நாள் கழித்து டாக்டர் சீட்டுக்குப் போன இடத்தில், இசக்கியப்பனை எடைமெஷினில் ஏற்றும் முன்பே உட்காரச் சொன்னார்கள். ஜெயசிங் அங்கேயே வந்துவிட்டார். கையில் ஒரு கவர். உள்ளே பெயர் போடாத ஒரு கடிதம். இவனுக்குக் காசம், ஒரு வருஷமாக மறைத்து வேலை பார்க்கிறான், நோய்க்காக எடைக்கு எடை உப்புக் கொடுத்ததற்குச் சாட்சி இந்தப் படம் என்று எழுதியிருந்தது. படம் மேஜைமேல் கிடந்தது.

"இது நீதானே?" என்றார் ஜெயசிங்.

"நான்தான் சார். ஆனா நோய்க்கு இல்ல, எங்க அக்கா..."

ஒருத்தி தன் சோற்றுக்கு வந்த பழியைத் தீர்க்கத் தம்பியைத் தராசில் ஏற்றினாள் என்பதை ஆபீசில் எந்தப் பாஷையில் சொல்வது? ஜெயசிங் கெட்டவர் இல்லை. படத்தையும் பார்த்தார், எதிரில் இருந்தவனையும் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோல்தான் இருந்தது. பத்து நாள் முன்னால் இதே உடம்புக்கு மாலை போட்டவர்தான் அவர். எக்ஸ்ரேயில் நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டு வா, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்துக் கைக்கு வர மூன்று வாரம் ஆனது. நுரையீரலில் ஒரு பொட்டு இல்லை. இப்படி ஒரு நெஞ்சைத் தான் பார்த்ததில்லை என்று எழுதிக் கொடுத்தார் அந்த டாக்டர். அதைக் கையில் பிடித்துக்கொண்டு இசக்கியப்பன் ஆறு மைலும் ஓடினான். கம்பெனி வாசலில் மாடக்கண்ணு எதிரே வந்தான். சட்டையில் வில்லை மின்னியது. முதல் நாள்தான் கொடுத்திருக்கிறார்கள். மாடக்கண்ணு அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த நெஞ்சுப் பட உறையைத்தான் பார்த்தான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

இசக்கியப்பன் உள்ளே போகவில்லை. அக்காள் வீட்டுக்கு வந்தான். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். டிரங்குப் பெட்டியின் சாவி எப்போதும் போல அவள் தாலிக்கயிற்றில்தான் தொங்கியது. படம் ஸ்டூடியோவிலிருந்துதான் வெளியே போயிருக்கும் என்று மூன்று வாரம் நினைத்திருந்தவன், வில்லையைப் பார்த்த பிறகு அத்தான் திருடியிருப்பான் என்றுதான் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்திருந்தான். அந்தச் சாவி அவள் கழுத்தை விட்டு இறங்கி அவன் பார்த்ததில்லை.

"அக்கா, அந்தப் படம் எங்க?"

அவள் சுளகை நிறுத்தவில்லை. "நான்தான்யா எடுத்துக் குடுத்தேன்."

அவன் நெஞ்சுப் பட உறையைத் தரையில் வைத்தான்.

"ஒங்க அத்தான் ஒம்பது வருஷமா லிஸ்ட்ல நிக்காக. நீ ஒத்த ஆளு, ஓடியாவது பொழைச்சுக்கிடுவ. எனக்குப் புள்ளையளோட நாலு வயிறு இருக்கு."

"நோயாளின்னு எழுதுனது தெரியுமா?"

இப்போதுதான் அவள் தலையைத் தூக்கினாள். "பாக்குறவுகளுக்கு அப்படித்தானே எய்யா தெரியுது" என்றாள்.

கேட்டிருந்தால் வில்லையை விட்டுக் கொடுத்திருப்பானா என்று பின்னால் பலர் அவனிடம் கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்றுதான் சொல்வான். கேட்கவே இல்லையே, எப்படித் தெரியும் என்பான். அன்றைக்கே தன் துணிமணியை எடுத்துக்கொண்டு, நெஞ்சுப் படத்தை ஜெயசிங்கிடம் காட்டாமலே, உப்பளத்து வாட்ச்மேன் குடிசையில் போய்த் தங்கினான். ஊரில் காசம் என்ற பேச்சு பரவிவிட்டதால் டீக்கடையில் அவனுக்கென்று தனிக் கிளாஸ் வைத்தார்கள். கேலி பேசியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது. மெட்ராஸ் போட்டிக்கு வேறு எவனோ போய், பாதியில் உட்கார்ந்துவிட்டு வந்தான்.

அடுத்த கொடைக்குச் செல்லக்கிளி புருஷனுக்கு நேர்ச்சை செலுத்தினாள். வேலை நிலைத்ததற்கு எடைக்கு எடை உப்பு. உப்பு வைக்க மச்சினன் முறைக்காரன் வேண்டும். மாடக்கண்ணுவுக்கு உலகத்தில் இருந்த ஒரே மச்சினன் இசக்கியப்பன்தான். யார் மூலமாகச் சொல்லி விடுவது என்று தெரியாமல், அவளே குடிசை வாசலுக்கு வந்து, உள்ளே ஏறாமல், நாளையும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போனாள்.

வரமாட்டான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வந்தான். உப்பளத்திலிருந்து ஓடி வந்தான். மாடக்கண்ணு தட்டில் ஏறி உட்கார்ந்ததும் சங்கிலி கிறீச்சிட்டது. இசக்கியப்பன் பெட்டியை எடுத்தான். பதினொன்றாவது பெட்டியைக் கொட்டிவிட்டு ஒரு நொடி நிறுத்தினான். தட்டு அசையவே இல்லை. மறுபடி வாரினான். இருபத்தோராவது பெட்டியில்தான் மாடக்கண்ணு தரையை விட்டு எழுந்தான். உடம்பென்றால் இதுதான் உடம்பு, கட்டினவள் கை அப்படி என்று பொம்பிளைகள் செல்லக்கிளியைப் பாராட்டினார்கள். அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த உப்பைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"சாப்பிட்டுப் போய்யா" என்றாள். ஒரு வருஷத்தில் அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு, நாளும் நேரமும் சொன்னதைக் கழித்தால்.

முறை செய்தவனுக்குத்தான் முதல் இலை. பந்தியின் தலைமாட்டில் இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, அவள் கையாலேயே உப்பு வைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் ஆள் இல்லை. கோயில் முக்கு தாண்டி ரோட்டில் வெள்ளைத் துண்டு ஒன்று சிறுத்துக்கொண்டே போனது. அந்த இலையை எடுக்கவும் முடியாமல், வேறு ஆளை உட்கார வைக்கவும் முடியாமல், பந்தி முடிகிறவரை செல்லக்கிளி அதன் பக்கத்திலேயே நின்றாள்.