மாறிக்கொண்டே இருந்த கிடங்கு

இரண்டடி அகலமுள்ள ஒரு ரயில் பாதையை, ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்ற அளவில் மேசைமேல் கொண்டுவர வேண்டுமென்றால், தண்டவாளங்களுக்கு இடையே எட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். விலைக்குக் கிடைப்பது ஒன்பது. இந்தச் சின்ன ரயில்களைச் செய்கிறவர்கள் பலரும் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கண்டுகொள்வதில்லை என்று படித்தேன். எனக்கு அது சில நாட்கள் உறுத்திக்கொண்டே இருந்தது. முப்பத்தோர் ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்தியவள் நான். வரைபடத்தில் ஊரைத் தள்ளிக் குறித்த பிள்ளைக்கு அரை மதிப்பெண்கூடப் போட்டதில்லை.

அந்த ரயில் என்னுடையது அன்று, என் கணவருடையது. அவர் வடக்கே ஓர் இராணுவ வெடிமருந்துக் கிடங்கில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். கிடங்கு என்றால் ஒரே கட்டடம் என்று நான் திருமணமான புதிதில் நினைத்திருந்தேன். நீண்ட வேலிக்குள், ஒன்றுக்கொன்று எட்டியிருக்கும் பல கொட்டகைகள் அவை. பெட்டிகளை ஒரு கொட்டகையிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோக உள்ளேயே குறுகலான ரயில் ஒன்று ஓடியது. அதில் ஏற்றி இறக்கும் பிரிவுக்கு அவர் மேற்பார்வையாளர். நான் தருமபுரிக்குப் பக்கத்து இண்டூரில் மகளை வளர்த்துக்கொண்டு பள்ளிக்குப் போய்வந்தேன். கோடை விடுமுறையில் இரண்டு முறை அவருடைய குடியிருப்பில் தங்கியிருக்கிறேன். குடும்பத்தாருக்கு வேலிக்குள் அனுமதி இல்லை. காலை ஏழரைக்கு வேலிக்கு அப்பால் அந்த ரயிலின் சத்தம் கேட்கும். சக்கரங்கள் நடக்கிற வேகத்தில் உருளும் சத்தம். கண்ணால் பார்த்ததில்லை.

இருவரும் ஓய்வுபெற்று ஒரே வீட்டில் நிலையாக இருக்கத் தொடங்கியபோது, அவருடைய வாழ்க்கையில் பாதியை நான் பார்க்கவே இல்லை என்பது எனக்கு உறைத்தது. அந்தச் சமயத்தில் பெங்களூரில் இருக்கும் மகள் என் பிறந்தநாளுக்குப் பெருவிரல் நீளத்தில் ஒரு டீசல் என்ஜினையும் ஒரு கட்டுத் தண்டவாளத்தையும் வாங்கி வந்தாள். நான் நூல்களில் அத்தகைய ரயில்களைப் பற்றிப் படிப்பது அவளுக்குத் தெரியும். பழைய கதவு ஒன்றை இரண்டு டிரங்குப் பெட்டிகளின்மேல் கிடத்தி வேலையைத் தொடங்கினேன். கொட்டகைச் சுவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டைகளைப் போல வேறொன்றும் ஒத்துவரவில்லை. கெட்டியானவை, வெட்டினால் நேராக வெட்டுப்படும், இண்டூரில் தை மாதத்துக்குப் பின் அவற்றுக்குப் பஞ்சமும் இல்லை. கொட்டகைகளைச் சுற்றி எழும் மண்மேடுகளுக்கு எங்கள் நிலத்துச் செம்மண்ணை மாவுச் சல்லடையில் சலித்துப் பசையோடு குழைத்தேன். ஒரு கொட்டகை வெடித்தாலும் பக்கத்துக் கொட்டகைக்குப் பரவாதிருக்கவே அந்த மேடுகள் என்று அவர் சொல்லியிருந்தார்.

அவர் நாற்காலியில் அமர்ந்து சொல்வார். நான் வெட்டி ஒட்டுவேன். சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் நாள் போட்டு எழுதியும் வைத்தேன். ஆணி அடித்த செருப்போடு எவரும் உள்ளே போகக்கூடாது. தீப்பெட்டியை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். பொறி பறந்துவிடாமலிருக்க உரசுகிற பாகங்கள் பித்தளையில் இருக்கும். என்ஜினுக்கும் பெட்டி ஏற்றிய வண்டிக்கும் நடுவே எப்போதும் ஒரு காலி வண்டி. கொட்டகையைச் சுற்றிப் புல் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்பதால், நான் தேங்காய் நாரில் செய்து வைத்திருந்த புல்லை அவரே கத்தரிக்கோலால் வெட்டினார். அந்த மாலைகள் எங்களுக்குப் புதியவை. திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

இரண்டாவது மாதத்தில்தான் என் நோட்டு என்னைக் கலக்கத் தொடங்கியது. என்ஜின் நிற்கும் கொட்டகை வாசலுக்கு மேற்கே என்று முதலில் சொன்னார். ஒட்டினேன். பதினைந்து நாள் கழித்து, அது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கிழக்கே என்றார். பிரித்து ஒட்டினேன். கொட்டகைகள் ஐந்து என்றார், பிறகு ஏழு, ஒரு நாள் நான்கு. பாதை இரண்டாகப் பிரியும் இடம் மூன்று முறை மாறியது. தயங்கியோ யோசித்தோ சொல்லியிருந்தால் நான் இவ்வளவு அஞ்சியிருக்க மாட்டேன். அவர் ஒவ்வொரு முறையும் தெளிவாக, அமைதியாகச் சொன்னார்.

அவருடைய அண்ணனுக்கு மறதி நோய் தொடங்கியது திசையில்தான். தாம் பிறந்து உழுத நிலத்தில் நின்றுகொண்டு, கிணறு எந்தப் பக்கம் என்று ஒரு நாள் காலையில் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நாங்கள் சிரித்தோம். ஆறு மாதத்தில் நிலத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழி போயிற்று. பிறகு மனைவியின் பெயர் போயிற்று. கடைசி இரண்டு ஆண்டுகள் அவரைக் குளிப்பாட்டியதும் அவருக்கு ஊட்டியதும் என் கணவர்தான். தவறாகச் சொன்னால் திருத்தாதீர்கள், திருத்தினால் கலங்கிப்போவார் என்று அப்போது மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் நானும் என் கணவரைத் திருத்தவில்லை. 'போன வாரம் வேறு மாதிரி சொன்னீர்களே' என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அவர் சொன்னபடியெல்லாம் தண்டவாளத்தைப் பிரித்துப் பிரித்துப் பதித்தேன். அதே இரத்தம், அதே அமைதி, அதே திசைக் குழப்பம். அவர் ஒரு நாள் என்னை யாரென்று கேட்பார் என்ற நினைப்போடு சின்னச் சின்னச் சுவர்களை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

மகளிடம் மட்டும் சொன்னேன். அவள் சேலத்தில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் நேரம் வாங்கினாள். கணவரிடம் என் மூட்டுவலிக்குப் போகிறோம் என்று சொல்லிவைத்தேன். புறப்படுவதற்கு முதல் நாள், உறுதிப்படுத்திக்கொள்ள எண்ணிக் கடத்தூருக்குப் போன் செய்தேன். அங்கே அவருடைய பழைய சகா இருக்கிறார். அதே கிடங்கில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர், இப்போது தக்காளி பயிரிடுகிறார். என்ஜின் கொட்டகை உண்மையில் எங்கே இருந்தது என்று கேட்டேன். என்ஜின் கொட்டகையா என்று ஒரு முறை திருப்பிக் கேட்டுவிட்டு, ஆற்றுக்கு அந்தப்புறம் என்றார். என் நோட்டில் எங்குமே ஆறு இல்லை. ஓர் ஆற்றையே மறந்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் பஸ் தொப்பூர்க் கணவாயில் நின்றுவிட்டது. கீழே ஒரு லாரி கவிழ்ந்திருந்தது; உயிருக்கு ஒன்றுமில்லை, பாதையை ஒழுங்கு செய்ய ஒரு மணி நேரம் ஆகும் என்று கண்டக்டர் சொன்னார். எல்லோரும் இறங்கிச் சாலையோர டீக்கடைகளுக்குப் போனோம். டீ வருவதற்குள் என் கணவருடைய போன் அடித்தது. அவருக்குக் காது சற்று மந்தம். போனில் பேசுகிறவரின் குரல் பக்கத்து பெஞ்சுக்கும் கேட்கும்படிதான் வைத்திருப்பார். கடத்தூர்க்காரர்.

"அண்ணே, நேத்து அண்ணி போன் பண்ணாங்க. என்ஜின் ஷெட்டு எங்க இருந்துச்சுன்னு கேட்டாங்க. எனக்குத் திக்குன்னு ஆயிருச்சுங்க. நீங்க வூட்ல என்னா சொல்லி வெச்சிருக்கீங்கன்னு தெரியலீங்களே. நானா ஒன்ன அடிச்சு வுட்டுட்டனுங்க."

"என்னான்னு சொன்ன?"

"ஆத்துக்கு அந்தாண்டன்னு சொன்னனுங்க."

"அங்க ஏதுடா ஆறு?"

"அதாங்கண்ணே. இல்லாததாப் பாத்துச் சொன்னேன்."

அவர் போனை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் கேட்டுவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. டீ வந்தது. இருவரும் தொடவில்லை.

"நீ எதுக்கு அவன்கிட்டப் போய்க் கேட்ட?" என்றார்.

மூட்டுவலி என்று சொன்னது பொய் என்றும், எங்கே போகிறோம் என்றும் சொன்னேன். நோட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் அண்ணனைப் பற்றி நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எங்கண்ணன் மாதிரி ஆயிட்டேன்னு நெனச்சியா?"

"ஆமாங்க."

அவர் டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு மெல்ல விளக்கினார். வேலைக்குச் சேர்ந்த அன்றே உள்ளே எது எங்கே இருக்கிறது என்பதை எவரிடமும் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டவர் அவர். மனைவி என்று அதில் விலக்கு ஒன்றும் இல்லை. அந்த ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள்; இப்போது லாரிகள்தான் ஓடுகின்றன. அதனால் என்ன? கொட்டகைகள் அங்கேதானே இருக்கின்றன. சொல்ல முடியாது என்று என்னிடம் சொல்லிவிடலாம். ஆனால் நான் ஆசையாகத் தொடங்கியதை நிறுத்திவிடுவேன் என்று தோன்றியிருக்கிறது. எனவே வேலை செய்யும் முறைகளை உள்ளபடி சொன்னார். இடங்களை மட்டும் மாற்றிச் சொன்னார்.

"மாத்திச் சொன்னீங்க சரி. ஒரே மாதிரி மாத்திச் சொல்லக் கூடாதுங்களா?"

"முன்னால என்ன பொய் சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. நீ ஒரு தடவையாச்சும் மறுத்துக் கேட்டிருந்தா நிறுத்திருப்பேன். நீ பாட்டுக்குப் பிச்சுப் பிச்சு ஒட்டுன. சரி, இவளுக்கு ஒட்டறதுலதான் சந்தோஷம்போலன்னு வுட்டுட்டேன்."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் வாயே திறக்காமல் இருந்தவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. சிரிக்கத்தான் நினைத்தேன். கண்ணீர்தான் வந்தது. டீக்கடைக்காரர் ஒரு கணம் நின்று, லாரியில் எங்கள் சொந்தக்காரர் யாராவது இருந்தாரா என்று கேட்டார். இல்லை என்று என் கணவர்தான் பதில் சொன்னார்.

நோட்டை எழுதிய கவனத்தில் பாதியோடு அதைப் படித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். ஆணி அடித்த செருப்பு ஒரு முறையும் மாறவில்லை. காலி வண்டி ஒரு முறையும் இடம் மாறவில்லை. பித்தளையும் தீப்பெட்டியும் எல்லாப் பக்கங்களிலும் ஒரே சொற்களில் இருந்தன. மறக்கிற மனம் இவ்வளவு ஒழுங்காகப் பிரித்து மறக்காது. ஆனால் அஞ்சுகிறவள் அஞ்சுவதற்கு ஏற்றதை மட்டுமே படிக்கிறாள்.

திரும்பிப் போய்விடலாம் என்றேன். அவர் ஒப்பவில்லை. "இவ்ளோ தூரம் வந்துட்டோம். காட்டிட்டே போயிரலாம். இல்லாட்டி நீ மறுபடியும் நோட்டு போடுவ" என்றார்.

மருத்துவர் எங்கள் மகள் வயதுப் பெண். என் கணவரை ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். ஐந்து சொற்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்டார். நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார். இவர் எல்லாவற்றையும் முடித்தார், கழித்தலில் மட்டும் ஒரு முறை தடுமாறித் தாமே திருத்திக்கொண்டார். கடைசியாக, நெடுநாள் வேலை பார்த்த இடத்தை மனக்கண்ணில் கொண்டுவந்து, வாசலிலிருந்து உள்ளே நடப்பது போல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றார் அந்த மருத்துவர்.

"அத மட்டும் கேக்காதீங்கம்மா. வேற எது வேணும்னாலும் கேளுங்க."

மருத்துவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தொடக்கத்திலிருந்து சொன்னேன். சொல்லி முடிக்கும்முன் அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாக வீட்டிலிருந்து பஸ் நிலையத்துக்குப் போகும் வழியைக் கேட்டார். இவர் கோயில், ரேஷன் கடை, பால் சங்கம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். இப்போதைக்கு நோய்க்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை, குடும்பத்தில் இருந்திருப்பதால் அடுத்த ஆண்டு ஒரு முறை வந்து காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். வாசலுக்கு வந்ததும் மகளுக்குப் போன் செய்தேன். அவளும் சற்று அழுதுவிட்டுத்தான் பேசினாள்.

இதை எழுதும்போது, கிடங்கில் ஆறு இல்லை என்பதையும் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். இந்தியாவில் ஆறு இல்லாத இடங்கள் ஏராளம், எழுதிக்கொள் என்றார். அந்த இடத்தின் அமைப்பைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே உண்மை அதுதான். இனித் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை. நான் பார்க்காமல் போன பாதி வாழ்க்கையில் எதை அவர் எனக்குக் காட்ட முடியுமோ, அதை முழுவதும் காட்டியிருக்கிறார்.

திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தொப்பூரில் லாரியை எடுத்துவிட்டிருந்தார்கள். பஸ் தயங்காமல் மலையேறியது. எங்குமே இல்லாத ஒரு கிடங்கை நாம் இருவரும் கட்டலாம், எது எங்கே என்று நானே முடிவுசெய்கிறேன், விதிகளுக்கு நீங்கள் பொறுப்பு என்றேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. உடனே அதிகாரியாகிவிட்டார். கொட்டகைகளின் கதவுகள் ஒன்றையொன்று பார்க்கக்கூடாது, மேடுகளின் உயரம் போதாது, நான் வைத்திருக்கும் வளைவில் பாரம் ஏற்றிய வண்டி கவிழ்ந்துவிடும் என்று விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"மொதல்ல என்ஜின் ஷெட்ட எந்தப் பக்கம் வெக்கப்போற, அதச் சொல்லு" என்றாராம். பதில் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தால் நான் அவர் தோளில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தேனாம். தருமபுரி பஸ் நிலையம் வரை எழுப்பவில்லை என்று பிறகு சொன்னார்.